பேரனை அவளிடம் விடுங்கள், மற்றதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு இது தலைப்பிரசவம். பேரன் பிறந்து 19 நாள் ஆகிறது. உதவிக்காக அவள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறேன். பகலில் ஓரளவு தூங்குகிறான். பொழுது சாய்ந்துவிட்டால் மார்பை விட்டு எடுக்கவே முடிவதில்லை. எடுத்தால் வீறிட்டு அழுகிறான். இரவு பதினொரு மணி வரை இதே கதைதான். "உனக்குப் பால் போதவில்லை போலிருக்கிறது, புட்டிப்பால் கொடுத்துப் பார்க்கலாமே" என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தையை நான் வாங்கினால் முகம் வாடுகிறது. வாங்காவிட்டால் "எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது" என்று அழுகிறாள். நானும் மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள்தான். இவளுக்கு எப்படி உதவுவது என்றே தெரியவில்லை.

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது குழந்தையின் எடையை. பிறந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று தெரிந்தால் பால் போதுமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். முதல் சில நாள்களில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இளைக்கும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரைகூடக் குறைவதுண்டு. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் பழைய எடையை எட்டிப்பிடித்துவிடும். அதன் பிறகு முதல் சில மாதங்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். உங்கள் பேரன் பிறந்த எடையைத் தாண்டியிருக்க வேண்டிய நேரம் இது.

மீதிப் பாதி விடை டயப்பரில் இருக்கிறது. ஒரு பகல் ஓர் இரவில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறானா, அது அடர் மஞ்சளாக இல்லாமல் வெளிறி இருக்கிறதா, மலம் மஞ்சளாக இளகிப் போகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் மகளுக்குப் பால் போதுமான அளவு சுரக்கிறது. மாலையில் அவன் எத்தனை மணி நேரம் மார்பிலேயே கிடந்தாலும் அந்த முடிவு மாறாது. பிறந்த எடையை இன்னும் எட்டவில்லை, சிறுநீர் குறைவாகப் போகிறது, எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு தூங்குகிறான் என்றால் நாளை, மறுநாள் என்று தள்ளாமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அதில் தாய்க்கு எந்தக் குறைவும் இல்லை. அளந்து பார்த்து எடுக்கும் முடிவு அது. அழுகையைக் கேட்டுப் பதறி எடுக்கும் முடிவு வேறு.

மாலையில் ஏன் இப்படி? பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதைச் சீரான இடைவெளியில் குடிக்கும் என்று நாம்தான் எதிர்பார்க்கிறோம். பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை குடித்துவிட்டு, மாலையில் அரை மணிக்கு ஒருமுறை, சில நாள் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகள் ஏராளம். கொஞ்சம் உறிஞ்சும், கண்ணயரும், மறுபடி தேடும். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறு வாரத்தையொட்டியும் இது இன்னும் அதிகமாகத் தெரியும். உங்கள் பேரன் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறான்.

அழுகைக்கும் ஒரு கணக்கு உண்டு. பிரேசெல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் தாய்மார்களிடம் அழுகை நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லி 1962-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆரோக்கியமான அந்தக் குழந்தைகளே ஆறாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அதிலும் மாலை நேரத்தில்தான் அதிகம். அதற்குப் பிறகு அழுகை படிப்படியாகக் குறைந்தது. ஆகவே இனிவரும் மூன்று வாரங்களில் உங்கள் பேரனின் அழுகை இன்னும் கூடலாம். மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். இதை உங்கள் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். வரப்போகிறது என்று தெரிந்து வரும் அழுகையைத் தாங்கலாம். எதிர்பாராமல் நாளுக்கு நாள் கூடும் அழுகை, "நான் ஏதோ தவறு செய்கிறேன்" என்ற எண்ணத்தில்தான் ஒரு புதுத் தாயைக் கொண்டுபோய் விடும்.

இப்போது நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு வருகிறேன். நல்லெண்ணத்தில் சொன்னீர்கள். பேரன் பசியோடு இருக்கிறானோ என்ற பதற்றத்தில் எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியதுதான். ஆனால் பிள்ளை பெற்று மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பெண்ணின் காதில் "பால் போதவில்லை" என்பது "நீ போதாது" என்றே விழும். இரவெல்லாம் விழித்து, தையல் வலியும் இடுப்பு வலியும் ஆறாமல், காம்பு புண்ணாகி எரிந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பாலூட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் தம்மைப் பற்றி ஏற்கெனவே ஐயத்தில் இருப்பவர்கள். வெளியிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், ஐயம் உறுதியாகிவிடும். அந்தச் சொல் பெற்ற தாயிடமிருந்தே வந்தால் அதன் கனம் இன்னும் அதிகம்.

உடலும் இதில் சேர்ந்துகொள்கிறது. பாலைச் சுரக்கவைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். சுரந்த பாலைக் காம்புக்குத் தள்ளிவிடுவது ஆக்ஸிடோசின். வலி, பயம், மன உளைச்சல் எல்லாம் ஆக்ஸிடோசின் வருவதைத் தாமதப்படுத்தும். பால் உள்ளே இருக்கும், இறங்கத்தான் தாமதமாகும். குழந்தை பொறுமையிழந்து அழும். அதைப் பார்த்துத் தாய் இன்னும் இறுகிப்போவாள். மார்பு பால் கட்டிக் கனமாக இல்லாமல் மென்மையாக இருப்பதையும் பால் வற்றியதற்கு அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்ப ஒழுங்குபடும்போது மார்பு மென்மையாவது இயல்பு.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். தாய்ப்பாலுக்கு அது அப்படியே பொருந்தும். குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு சுரக்கும். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். மாலையில் ஒரு புட்டிப்பால் கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் மார்பிலிருந்து பாலை எடுக்காமலும் விட்டால், நாளைய சுரப்பில் அந்த அளவு குறையத் தொடங்கும். சில நாளில் உண்மையாகவே பால் போதாமல் போய்விடும். மாலை முழுவதும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் உங்கள் பேரன் வரும் நாள்களுக்கான பாலுக்கு இப்போதே வழி செய்துகொண்டிருக்கிறான் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன்: அவன் மார்பைச் சரியாகக் கவ்வுகிறானா? மகள் அனுமதித்தால், பாலூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாய் நன்றாக அகன்று திறந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்க வேண்டும். முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலே தெரிவதைவிடக் கீழே குறைவாகத் தெரிய வேண்டும். தொடக்கத்தில் வேகமாகச் சப்புவான்; பிறகு தாடை ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, விழுங்கும் மெல்லிய ஒலி கேட்கும். அந்த ஒலிதான் பால் போகிறது என்பதற்குச் சாட்சி. குடித்து முடித்ததும் காம்பு ஒருபக்கம் நசுங்கிச் சரிந்திருந்தாலோ, பாலூட்டும் நேரம் முழுக்க வலித்தாலோ கவ்வுதல் சரியில்லை. காம்பை மட்டும் பிடித்துச் சப்புகிறான். பாலூட்டலில் பயிற்சி பெற்ற செவிலியரோ ஆலோசகரோ ஒருமுறை நேரில் பார்த்துத் திருத்தினாலே பலருக்கு வலி பெரிதும் குறைந்துவிடுகிறது. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் தாய்மை என்று யாரும் அவளிடம் சொல்ல விடாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி: எப்படி உதவுவது?

டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பல சமூகங்களில் பாலூட்டலை ஆராய்ந்தவர். தாயைத் தாங்கிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பாலூட்டல் நிலைத்து நிற்கிறது என்பதை அவர் 1970-களில் வலியுறுத்தினார். நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்கள். அங்கிருந்து செய்ய வேண்டியது, குழந்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். பெற்றவள் எழுந்து துணி மடிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். எனக்கு இதைப் பார்க்கவே பொறுக்காது.

மாலை ஏழு மணிக்கு உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒரு கை குழந்தையின் கழுத்தையும் முதுகையும் தாங்கியிருக்கும். மறு கை மார்பைப் பிடித்திருக்கும். அவன் வாய் எட்டாததால் தோள் முன்னால் வளைந்து இறுகியிருக்கும். பாலூட்டத் தொடங்கியதும் பல தாய்மார்களுக்குத் தொண்டை வறளும் அளவுக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் குவளை மேசையில் இருக்கும், கைக்கு எட்டாது. செல்பேசி அடுத்த அறையில் அடிக்கும். அவள் யாரையும் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் தொந்தரவு என்று நினைப்பாள். நீங்கள் போய்க் குவளையை அவள் கை அருகே வைத்து, முழங்கைக்கும் முதுகுக்கும் தலையணை கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுங்கள். சாப்பாட்டையும் ஒரு கையால் எடுத்துச் சாப்பிடும்படி பக்கத்தில் வையுங்கள்.

குழந்தையை வாங்கினால் வாடுகிறாள், வாங்காவிட்டால் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் முரண் எதுவும் இல்லை. எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். குழந்தை அழுததும் "கொடு, நான் பார்க்கிறேன்" என்று கை நீட்டினால், உனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை என்று அவளுக்குக் கேட்கும். பால் கொடுத்து முடித்தபின், "நான் ஏப்பம் எடுக்கவைக்கிறேன், நீ படுக்கிறாயா? இல்லை, இவன் உன்னிடம் இருக்கட்டும், நான் துணிகளைப் பார்க்கவா?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முகம் சுளிக்காமல் அதைச் செய்யுங்கள். "ஏதாவது வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. களைத்துப்போனவளுக்கு யோசித்துப் பதில் சொல்வதே ஒரு வேலை.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. உடலின் கடிகாரம் உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கினாலும் துண்டு துண்டாகத்தான் தூங்கும். தாயின் தூக்கமும் அப்படியே துண்டாகும். அவளுக்கு நாளில் ஒருமுறையாவது மூன்று நான்கு மணி நேரம் இடைவிடாத தூக்கம் கிடைக்க வழி செய்யுங்கள். குழந்தை வயிறு நிறையக் குடித்ததும் நீங்களோ மருமகனோ அவனை வேறு அறைக்கு எடுத்துச் செல்லுங்கள். பசித்து வாயைத் திறந்து தலையை இருபுறமும் திருப்பித் தேடும்போது மட்டும் அவளிடம் கொண்டுவாருங்கள். இரவில் டயப்பர் மாற்றும் வேலையும் அவளுடையதாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் மருமகனைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அவர் குழந்தையைத் தூக்கும்போது கை நடுங்கலாம், டயப்பரைக் கோணலாகக் கட்டலாம். உடனே பாய்ந்து வாங்கிவிடாதீர்கள். நீங்கள் ஒருநாள் ஊருக்குப் போவீர்கள், அவர் அங்கேயே இருப்பார். அழும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அறைக்குள் நடப்பது, குளிப்பாட்டுவது, வருகிறவர்களிடம் "இப்போது தூங்குகிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள்" என்று பணிவாகச் சொல்லி அனுப்புவது எல்லாம் அவருக்குப் பழகட்டும்.

மூன்று பிள்ளைகளை வளர்த்த உங்கள் அனுபவம் பெரியது. பசி அழுகையையும் தூக்க அழுகையையும் பிரித்துச் சொல்ல உங்களால் முடியும். எனக்கே அது எளிதில் கைவராது. ஆனாலும் சில அறிவுரைகள் மாறியிருக்கின்றன. குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கும் வழக்கம் முன்பு பல இடங்களில் இருந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து மல்லாக்கப் படுக்கவைக்கும்படி பல நாடுகளில் பிரசாரம் நடந்த பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது பெரிதும் குறைந்தது. ஆகவே பகலோ இரவோ தூங்கவைக்கும்போது மல்லாக்கத்தான். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலோடு தண்ணீர்கூடத் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். இவற்றில் உங்களுக்கும் மகளுக்கும் கருத்து வேறுபாடு இருந்தால் அவள் பக்கம் நில்லுங்கள்.

கடிதத்தில் என்னை யோசிக்கவைத்த இடம் ஒன்று உண்டு. மகள் அழுகிறாள் என்கிறீர்கள், பேசுவது குறைந்துவிட்டது என்கிறீர்கள். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பது. இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். உங்கள் மகள் அந்த இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டாள். நீங்கள் சொன்ன சொல்லால் வந்த மனத்தாங்கலாகவும் தூக்கமின்மையாகவும் மட்டுமே இது இருக்கலாம். பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் முதன்மையானது மனச்சோர்வு. குழந்தை தூங்கும்போதும் அவளால் தூங்க முடியவில்லையா, சாப்பாட்டில் விருப்பம் போய்விட்டதா, குழந்தையைப் பார்த்தும் மனதில் எதுவும் தோன்றவில்லை என்கிறாளா, "நான் இல்லாவிட்டால் இவன் நன்றாக இருப்பான்" என்பதுபோல் பேசுகிறாளா என்று கவனியுங்கள். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

1987-இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. மருத்துவமனையில் கேட்டால் அதை நிரப்பச் சொல்லி, மனச்சோர்வின் அறிகுறி இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்ப்பார்கள். இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பாலூட்டுவதை நிறுத்தாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. தற்கொலை எண்ணம், இல்லாத குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் வேகவேகமாகப் பேசுவது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அழுகை தாங்க முடியாமல் யாருக்காவது கோபம் தலைக்கேறினால், குழந்தையை மல்லாக்கப் பத்திரமான இடத்தில் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய்வரலாம். ஒருபோதும் குலுக்கக் கூடாது. பச்சைக் குழந்தையின் மூளை அதைத் தாங்காது. இதை வீட்டில் உள்ள எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் மருத்துவரிடம் போகக் காத்திருக்கவே கூடாது. குழந்தையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருப்பது; உடல் சில்லிட்டுத் துவள்வது; மூச்சு வாங்குவது; பச்சை நிறத்தில் வாந்தி; தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்குவது; இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் காமாலை தொடர்வது, அதிலும் மலம் வெளுத்துப் போவது. தாய்க்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு, காய்ச்சல், கண் மங்கலோடு கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். மார்பில் ஓரிடம் சிவந்து வலித்துக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம்.

நாளைக் காலை அவள் சற்று ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, "அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு. உன்னிடம் பால் இருக்கிறதா என்று நான் சந்தேகப்படவில்லை, பயந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். விளக்கம் சேர்க்க வேண்டாம். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு எடை பார்க்க எப்போது போகலாம் என்று அவளிடமே கேளுங்கள். மருத்துவர் முன்னால் உட்காரும்போது குழந்தையைப் பற்றிய கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.